வெள்ளைப்படுதலும் எலும்புருக்கம் என்னும் அச்சமும்

திருவனந்தபுரம் நகரில் ஆரியசாலை என்னும் பகுதி, திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருப்பெற்ற சாலைக் கடைவீதியை ஒட்டி அமைந்தது. நவராத்திரிக் காலத்தில் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாக எழுந்தருளும் குமாரசுவாமி தங்குவது இங்குள்ள தேவி கோயிலில்தான். தமிழும் மலையாளமும் இங்கு ஒரே கடைத்திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. ஆதலின் நோய்களுக்கும் இரண்டிரண்டு பெயர்கள் வழங்குகின்றன. பெண்களின் யோனிக் கசிவைத் தமிழ் பேசுவோர் வெள்ளைப்படுதல் என்பர். முதியோர் வெட்டை என்பர். உடற்சூடு என்று சொல்லி முடித்துவிடுவோரும் உண்டு. மலையாளம் பேசுவோர் வெள்ளபோக்கு என்பதுடன் அஸ்திஸ்ராவம் என்றும் அஸ்தியுருக்கம் என்றும் கூறுவர். அஸ்தி என்பது எலும்பு. எலும்பு உருகி வழிகின்றது என்பதே அப்பெயரின் பொருள்.

சாதாரணமாக ஒரு நோயின் பெயர் அந்நோயைச் சுட்டுவதோடு நின்றுவிடும். இப்பெயரோ காரணத்தையும் முடிவையும் சேர்த்தே கூறிவிடுகின்றது. இடுப்புவலியும் அசதியும் உடைய ஒரு பெண், உள்ளாடையில் வெண்மையான ஈரத்தைக் காணும்போது, தன் எலும்புகள் சிறிது சிறிதாகக் கரைந்துபோவதாக நம்பிவிடுகிறாள். அவள் அதைக் கணவனிடமும் கூறுவதில்லை, டாக்டரிடமும் கூறுவதில்லை. எலும்பிலிருந்து யோனிக்குச் செல்லும் வழி எதுவும் உடலில் இல்லை என்பதையும், கசிவில் எலும்பின் கரைசல் எதுவும் இல்லை என்பதையும் எவரேனும் ஒரு முறை பொறுமையாக எடுத்துக் கூறியிருந்தால், பல ஆண்டு அச்சம் ஒரே நாளில் நீங்கியிருக்கும். கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இதைக் கூறும் நிலையில் இருப்பவர்கள். எனவே அவர்களுக்குத் தேவையான விவரங்கள் இங்கே தரப்படுகின்றன.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. இத்தகைய பொருள்களைத் தமிழில் எழுதுவோர் மறைவிடம், அந்தரங்க உறுப்பு போன்ற சொற்களின் பின்னே ஒளிந்துகொள்வது வழக்கம். இக்கட்டுரையில் யோனி என்ற சொல், கருப்பை வாயிலிருந்து உடலின் வெளிப்புறம் வரையுள்ள பாதையையே குறிக்கும். அதன் வெளியே உள்ள மடிப்புகளும் தோலும் புற உறுப்பு எனப்படும். சிறுநீர் வெளியேறும் துளை யோனியினின்றும் வேறானது. படித்த பெண்களிலும் பலர் இவ்வேறுபாட்டை அறியாமலிருக்கின்றனர். எரிச்சல் எங்கே என்று டாக்டர் வினவும்போது அவர்களால் விடை கூற இயலாததற்குக் கூச்சம் மட்டும் காரணமன்று. அவர்களிடம் அதற்கான சொல்லும் இல்லை.

இயற்கையான கசிவு

பூப்படைந்த காலம் முதல் மாதவிடாய் நிற்கும் காலம் வரை ஒவ்வொரு பெண்ணுக்கும் யோனியில் கசிவு இருந்தே தீரும். நாளொன்றுக்குச் சில மில்லிலிட்டர் அளவு சுரத்தல் இயல்பானது. கருப்பை வாயின் சுரப்பிகள் வெளியிடும் சளி, யோனிச் சுவரின் வழியாகக் கசியும் நீர், உதிர்ந்த செல்கள், அங்கு வாழும் நுண்ணுயிர்கள் ஆகியவையே அதில் அடங்கியுள்ளன. மாதவிடாய்ச் சுற்றின் நடுப்பகுதியில், முட்டை வெளிப்படும் நாட்களில், அது தெளிவாகவும் வழுவழுப்பாகவும் நூல்போல் இழுபடுவதாகவும் இருக்கும்; மற்ற நாட்களில் வெண்மையாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருக்கும். கருவுற்ற காலத்தில் அதன் அளவு மிகும். துணியில் படிந்து உலர்ந்தபின் இளமஞ்சளாகத் தோன்றுவதும் இயல்பே. அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், வலி ஆகியவை இல்லாதவரை இக்கசிவுக்கு மருந்து தேவையில்லை.

இக்கசிவு உடலுக்குச் செய்யும் பணி வியக்கத்தக்கது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கின்றது. அப்பொருளை உணவாகக் கொண்டு லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள் வாழ்ந்து, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களும் இவற்றின் உறவினர்களே; தயிரின் புளிப்பும் இதே அமிலத்தால் விளைவதே. ஜெர்மானிய மகப்பேற்று மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-இல் இப்பாக்டீரியாக்களைப் பற்றி விரிவாக எழுதினார். இவற்றின் வினையால் இனப்பெருக்க வயதில் யோனியின் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மையுடன் இருக்கின்றது. தீங்கு விளைவிக்கும் கிருமிகள் பலவும் அந்த அமிலத்தில் தழைப்பதில்லை. உடல் தானே அமைத்துக்கொண்ட இக்காவலைக் கலைப்பது எளிது; மீண்டும் நிறுவுவது அவ்வளவு எளிதன்று. (தயிரை உள்ளே இடுவதால் இக்காவல் திரும்புமா என்று கேட்போர் உண்டு. திரும்பும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை. அவ்வாறு செய்யாதிருத்தலே நன்று.)

சமநிலை குலையும்போது

யோனியைப் பொதுவாகத் தாக்கும் கோளாறுகள் மூன்று. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது பாக்டீரிய யோனி அழற்சி. வெளியிலிருந்து ஒரு புதுக்கிருமி நுழைந்து விளைவிக்கும் நோய் என்று இதைச் சொல்வதைவிட, உள்ளேயிருக்கும் குடிமக்களின் விகிதம் மாறிப்போன நிலை என்று சொல்வது பொருந்தும். லாக்டோபேசில்லஸ்கள் குறைந்து, பிராணவாயு இன்றி வாழும் பாக்டீரியாக்கள் பன்மடங்கு பெருகிவிடுகின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த கார்ட்னரும் டியூக்ஸும் 1955-இல் இந்நிலையுடன் தொடர்புடைய ஒரு பாக்டீரியாவை விவரித்தனர்; அது இன்று கார்ட்னரெல்லா எனப்படுகின்றது. கசிவு நீர்த்தும் சாம்பல் கலந்த வெண்மையாகவும் இருக்கும், மீன்வாடை வீசும், உடலுறவுக்குப் பின் அவ்வாடை மிகும். அரிப்பு பெரும்பாலும் இராது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. கருவுற்ற பெண்களில் இந்நிலை குறைப்பிரசவத்துடன் தொடர்புடையதாகக் காணப்பட்டுள்ளது, எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தையும் இது கூட்டுகின்றது. மெட்ரோனிடசோல் என்னும் மருந்து இதைக் குணப்படுத்துகின்றது. ஆனால் பலருக்கு நோய் சில மாதங்களில் திரும்பிவிடுகின்றது.

இவ்வாறு திரும்புவதற்குப் பெண்ணின் தூய்மைக் குறைவே காரணம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 2025-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது. பெண்ணுக்கு மட்டும் மருந்து தரப்பட்ட தம்பதிகளில் 12 வாரங்களுக்குள் நூற்றுக்கு 63 பெண்களுக்கு நோய் மீண்டது. கணவனுக்கும் அதே வேளையில் மாத்திரையும் களிம்பும் தரப்பட்ட தம்பதிகளில் அது 35 ஆகக் குறைந்தது. மனைவியைப் பலமுறை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத் தான் வெளியே நிற்கும் கணவன் இச்செய்தியை அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது கேண்டிடா என்னும் பூஞ்சையால் வருவது. இதில் அரிப்பே முதன்மையானது. கசிவு தயிர்க்கட்டி போன்றிருக்கும், நாற்றம் இராது, புற உறுப்பு சிவந்து வீங்கும், சிறுநீர் பட்டால் எரியும். நான்கு பெண்களில் மூவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதனால் துன்புறுகின்றனர் என்று மதிப்பிடப்படுகின்றது. இப்பூஞ்சை பலருடைய உடலில் அமைதியாக வாழ்வது. வேறொரு நோய்க்கு உட்கொண்ட ஆண்டிபயாட்டிக் மருந்து லாக்டோபேசில்லஸ்களைக் கொல்லும்போதோ, கர்ப்ப காலத்திலோ, இரத்தத்தில் சர்க்கரை மிகும்போதோ தலைதூக்குகின்றது. நீரிழிவு மிகுந்த கேரளத்தில் கடைசியாகச் சொன்ன காரணத்தை மறத்தலாகாது. ஆண்டில் மூன்று நான்கு முறை இவ்வரிப்பு வரும் பெண்ணுக்குக் களிம்பு மாற்றித் தருவதற்கு முன் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நீரிழிவு இருப்பது இவ்வழியாகவே முதன்முதலில் வெளிப்படும் பெண்களும் உண்டு.

இங்கு மருந்துக் கடைகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. அரிப்பு என்று சொன்னவுடன் பூஞ்சை மருந்து, ஆண்டிபயாட்டிக், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் ஒருங்கே கலந்த களிம்பைச் சீட்டின்றி எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டு நாளில் அடக்கும், பூஞ்சையோ அடியில் வளரும், தோலும் மெலிந்துபோகும். பெண் அதை நல்ல மருந்து என்று அயல்வீட்டுக்காரிக்கும் சொல்லி வைப்பாள்.

மூன்றாவது டிரைக்கோமோனஸ் என்னும் ஒரு செல் உயிரி. அல்பிரட் டோனே என்ற மருத்துவர் 1836-இல் பாரிஸில் மைக்ராஸ்கோப்பின் மூலம் இதைக் கண்டார். மஞ்சளும் பச்சையும் கலந்த நுரைத்த கசிவு, எரிச்சல், துர்நாற்றம் ஆகியவை இதன் குறிகள். இது உடலுறவால் பரவுவது. உலகில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுடையோரில் 15.6 கோடிப் புதுத் தொற்றுகள் ஏற்பட்டிருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆண்களிடம் பெரும்பாலும் அறிகுறியின்றி இருப்பதால், மனைவி குணமடைந்தபின் கணவனிடமிருந்து நோய் மீண்டும் அவளை அடையும். இருவரும் ஒரே காலத்தில் மருந்துண்ண வேண்டும்.

இம்மூன்றையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவர்க்கும் அரிது. எனவே ஆய்வுக்கூட வசதி குறைந்த இடங்களில், அறிகுறித் தொகுதியை வைத்தே மருந்து தரும் முறையைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்துள்ளது. நிறவாரியாக அமைந்த அம்மருந்துப் பொதிகளுள் பச்சைநிறப் பொதி யோனிக் கசிவுக்குரியது. அதில் 2 கிராம் செக்னிடசோலும் 150 மில்லிகிராம் புளுகோனசோலும் உள்ளன. ஊழியர்கள் இதை அறிந்திருப்பது நன்று. தாமே வழங்குவது நன்றன்று. கர்ப்பிணிக்குப் புளுகோனசோல் மாத்திரை தவிர்க்கப்பட வேண்டியது. மேலும், அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்த கசிவு கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் பரவிய தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு, அவசரமும் வேறு. காலம் தாழ்த்தினால் கருக்குழாய் அடைபட்டு மலட்டுத்தன்மை நேரும்.

கட்சிரோலியும் கோவாவும்

இந்நோய்கள் நம் நாட்டில் எவ்வளவு பரவியுள்ளன என்பதை முதன்முதலில் உலகுக்குக் காட்டியவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் பணியாற்றிய டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் என்னும் தம்பதியர். இரு கிராமங்களில் 650 பெண்களை அவர்கள் பரிசோதித்தனர். முடிவுகள் 1989-இல் லான்செட் இதழில் வெளியாயின. நூற்றுக்கு 92 பேரிடம் ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. ஆனால் அதற்கு முன் எப்போதேனும் மகளிர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர் மட்டுமே. பிரசவத்திற்கும் குடும்பக் கட்டுப்பாட்டிற்கும் அப்பால் பெண்ணுடல் என ஒன்று இருப்பதைச் சுகாதாரத் திட்டங்கள் மறந்திருந்தன என்பது அன்று தெளிவாயிற்று.

கோவாவில் 2001 முதல் 2003 வரை நடைபெற்ற ஆய்வோ மற்றொரு பக்கத்தைக் காட்டியது. 2,494 பெண்களுள் நூற்றுக்குச் சுமார் 14 பேர் வெள்ளைப்படுவதாக முறையிட்டனர். சோதித்தபோது, அம்முறையீட்டுக்கும் தொற்றுக்கும் இருந்த தொடர்பைக் காட்டிலும், முறையீட்டுக்கும் மனச்சோர்வு, கவலை முதலியவற்றுக்கும் இருந்த தொடர்பே வலுவாக இருந்தது. காரணம் யாது என்று கேட்டபோது மன உளைச்சலையும் உடற்சூட்டையும் குறிப்பிட்டோர் தொற்றைக் குறிப்பிட்டோரிலும் அதிகம்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றலாம். உண்மையில் மறுக்கவில்லை. நோயுள்ள பெண் வாய் திறப்பதில்லை. வாய் திறந்து வெள்ளைப்படுதல் என்று சொல்லும் பெண் சில வேளைகளில் வேறொரு துன்பத்தைச் சொல்கிறாள். எலும்புருக்கம் என்று அஞ்சி வருபவளிடம் இது ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது அரைச் சிகிச்சையே. அசதிக்கு இரத்தசோகை காரணமா என்று ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும். உறக்கத்தைப் பற்றியும் வீட்டு நிலையைப் பற்றியும் கேட்க வேண்டும். கேட்பதற்கு மருந்தும் கருவியும் தேவையில்லை. பிறர் காதில் விழாத ஓரிடம் போதும்.

அந்த ஓரிடம்தான் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் இளம் மணமான பெண்களிடையே நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வொன்றில், அறிகுறி உடையவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சிகிச்சை எதுவும் தேடவில்லை எனக் கண்டனர். அருகிலுள்ள நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவான இடம் இல்லை, தொலைவு, செலவு என்பவை அவர்கள் கூறிய காரணங்கள். ஆரியசாலைவாசிகளுக்குத் தொலைவைக் காரணம் காட்ட இயலாது. தைக்காட்டு மகளிர் மருத்துவமனை அருகிலேயே உள்ளது. 1916-இல் அங்கு மகப்பேற்று மருத்துவராகப் பொறுப்பேற்று, 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்த டாக்டர் மேரி பூனன் லூகோஸ், பெண் மருத்துவர் இருந்தால் பெண்கள் வருவார்கள் என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே அந்நகருக்குக் காட்டியவர்.

கழுவுதலும் துணியும்

யோனி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கின்றது. அதன் உட்புறத்தை நீரைப் பீய்ச்சியோ, கிருமிநாசினி கலந்த நீராலோ, விரலை விட்டோ கழுவுவது கூடாது. அவ்வாறு கழுவுவது லாக்டோபேசில்லஸ்களை வெளியேற்றி, பாக்டீரிய அழற்சிக்கு வழிவகுக்கின்றது. பின்னர் எழும் வாடையைப் போக்க மீண்டும் கழுவுகிறாள், வாடை மிகுகின்றது. சாதாரணச் சோப்பு காரத்தன்மை உடையது, பி.எச். 9 அல்லது 10 இருக்கும். புற உறுப்பை நாளுக்கு ஓரிரு முறை தூய நீரால் கழுவித் துடைத்தாலே போதும். விளம்பரங்களில் வரும் நறுமண நீர்மங்களும் தூள்களும் தேவையற்றவை; சிலருக்கு அவையே அரிப்புக்குக் காரணமாகின்றன. மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். இதைச் சிறுமிகளுக்குக் கற்பிப்பவர் எவருமில்லாததால் பலர் வாழ்நாள் முழுதும் எதிர்த்திசையிலேயே பழகிவிடுகின்றனர்.

மாதவிடாய்த் துணி குறித்து இருவகைத் தவறான கருத்துகள் நிலவுகின்றன. துணி என்றாலே அழுக்கு என்பது ஒன்று. கடையில் வாங்கும் நாப்கின் என்றாலே தூய்மை என்பது மற்றொன்று. ஒடிசாவில் 486 பெண்களிடம் நடத்தப்பெற்று 2015-இல் வெளியான ஆய்வில், மீண்டும் பயன்படுத்தும் துணியை உடுத்தியோரிடம் தொற்று அறிகுறிகள் அதிகமாகக் காணப்பட்டது உண்மையே. ஆனால் துணியை எங்கே உலர்த்துகின்றனர், மாற்றுவதற்குத் தனியிடம் இருந்ததா, கழுவ நீர் இருந்ததா என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இருமுறை பருவமழை. ஜூன், ஜூலை மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வெயில் சரிவரக் காணாத நாட்கள் பல. கொடியில் வெளிப்படையாக உலர்த்த நாணி, சேலைக்கு அடியிலோ கட்டிலுக்குப் பின்னாலோ உலர்த்தும் துணி ஈரம் மாறாமலே மறுபடி உடலுக்கு வருகின்றது. சோப்பிட்டு அலசி வெயிலில் நன்கு காய்ந்த பருத்தித் துணி குறையற்றது. மழைநாட்களில் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஈரத்தை முற்றும் போக்கலாம். நாப்கினானாலும் துணியானாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். காலையில் அணிந்ததை மாலைவரை வைத்திருப்பதால் தோல் புண்ணாகிப் பூஞ்சைக்கு இடமளிக்கின்றது.

கேரளத்தில் மாதவிடாய்க் கிண்ணமும் பரவிவருகின்றது. 1966-இல் நிறுவப்பட்டுத் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசு நிறுவனமாகிய ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ், இன்றைய எச்.எல்.எல்., 2019-இல் ஆலப்புழை நகரில் 5,000 கிண்ணங்களைத் திங்கள் என்ற திட்டத்தின் கீழ் வழங்கிற்று. 2022-இல் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி நாப்கினற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. சிலிகோனால் ஆன இக்கிண்ணத்தைப் பன்னிரண்டு மணி நேரம் வரை உள்ளே வைக்கலாம். ஒவ்வொரு மாதவிடாய்க்கும் முன்னும் பின்னும் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்ய வேண்டும். கைகளைக் கழுவாமல் இதைக் கையாளக் கூடாது. பழக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதை முன்பே சொல்லிவிட்டால், முதல் மாதத்திலேயே தூக்கியெறிவோர் குறைவர்.

கடைவீதியில் நிற்பவர்கள்

மேற்சொன்ன அறிவுரைகளில் ஒரு குறை உண்டு. நான்கு மணிக்கொரு முறை துணி மாற்றுக, நீர் நிரம்பப் பருகுக, சிறுநீரை அடக்காதே என்று எழுதுவது எளிது. காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்ணுக்கும், நடைபாதையில் கீரையும் பூவும் விற்பவளுக்கும் அவ்வறிவுரையைப் பின்பற்ற இடம் எங்கே? கழிப்பிடம் இல்லாததால் அவர்கள் நீர் பருகுவதையே குறைத்துக்கொள்கின்றனர். அதனால் விளைவது முதன்மையாகச் சிறுநீர்ப் பாதைத் தொற்று. அது யோனி நோயன்று எனினும், இரண்டிலும் எரிச்சலே முதற்குறியாதலால் ஒன்றை மற்றொன்றாகக் கருதித் தவறான மருந்துண்பது மிகச் சாதாரணம்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் இக்குறையை எடுத்துக்கொண்டு போராடியவர் தையற்காரியாகிய பி. விஜி. 2009 அளவில் பெண்கூட்டு என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் கழிப்பிடத்துக்கும் பின்னர் இருக்கைக்கும் குரல் கொடுத்தார். நின்று வேலை செய்வோர்க்கு இருக்கை தர வேண்டும் என்பது தொழிற்சாலைகளுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கூறப்பட்டது. கடைகளில் நிற்பவர்கள் அதற்குப் பின் எழுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு இருக்கையை உரிமையாக்கிற்று. தமிழ்நாடு 2021-இல் அதுபோன்ற திருத்தத்தை நிறைவேற்றிற்று. நாற்காலிக்குச் சட்டம் வந்துவிட்டது. கதவு தாழிடப்படும், நீர் வரும், குப்பைக்கூடை உள்ள ஒரு கழிப்பிடம் ஒவ்வொரு கடைவீதியிலும் உண்டா என்பதைக் கள ஊழியர் தாமே சென்று பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. நலக்கல்விக் கூட்டம் நடத்துவதற்கு முன் இது செய்யப்பட வேண்டும்.

பள்ளிச் சிறுமிகள்

முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பே பெண்குழந்தைகளுக்கு வெண்மையான கசிவு தோன்றத் தொடங்கும். ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. இதை முன்னறிவிக்காவிட்டால் குழந்தை அதை நோயென்று அஞ்சும். வீட்டில் மூத்தவர் ஒருவர் அஸ்தியுருக்கம் என்று சொல்லிவிட்டால் அவ்வச்சம் உறுதிப்படும். ஆறாம், ஏழாம் வகுப்பு ஆசிரியை ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லிவைப்பது போதுமானது.

அதனினும் சிறிய குழந்தைகளுக்கு வரும் கோளாறு வேறுவகை. அவர்களின் யோனியில் அமிலக் காவல் இன்னும் அமையவில்லை. எனவே சோப்பு நுரை, மண், தவறான கழுவுதல் ஆகியவற்றாலேயே அழற்சி உண்டாகும். இரவில் மட்டும் அரிப்பு மிகுமானால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். பூச்சி மருந்து வீட்டார் அனைவர்க்கும் தரப்பட வேண்டும். துர்நாற்றத்துடன் இரத்தம் கலந்த கசிவு கண்டால், விளையாட்டாக உள்ளே செருகிய மணியோ துணித்துண்டோ இருத்தல் கூடும். இவற்றுள் எதுவும் இல்லாதபோதும், உடலுறவால் பரவும் கிருமி குழந்தையிடம் காணப்படும்போதும், எவரேனும் அக்குழந்தைக்குத் தீங்கு இழைத்துள்ளனரா என்ற ஐயம் எழ வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்கு அறிவிப்பது கட்டாயம்; அறிவியாதிருத்தல் தண்டனைக்குரியது. 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையைப் பலர் முன்னிலையில் திரும்பத் திரும்ப வினவுதல் கூடாது. அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

மாதவிடாய் நின்றபின்

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் யோனிச் சுவர் மெலிந்து வறண்டு, எரிச்சலும் உடலுறவில் வலியும் தோன்றும். வயதாகிவிட்டது என்று சொல்லி இதைப் பொறுத்துக்கொள்ளும் பெண்களே அதிகம். மருத்துவர் ஆலோசனையுடன் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பைத் தடவுவதாலேயே பலருக்கு நிவாரணம் கிடைக்கின்றது. ஏதோ கீழே இறங்குவது போன்ற உணர்ச்சி கருப்பை இறக்கத்தைக் குறிக்கலாம். அதற்கு வளையம் பொருத்துதல் முதலிய எளிய வழிகளும் உள்ளன.

ஆனால் மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், எந்த வயதிலும் உடலுறவுக்குப் பின் இரத்தம் கண்டாலும், நீர்த்த துர்நாற்றக் கசிவு நிற்காமல் தொடர்ந்தாலும், அதை வெள்ளைப்படுதல் என்ற பெயரில் அடக்கிவிடக் கூடாது. கருப்பை வாய்ப் புற்றுநோய் இவ்வாறே தோன்றுவது. அது ஹெச்.பி.வி. என்னும் வைரஸால் விளைவது. 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி இடப்பெற்ற சிறுமிகளைப் பெரும்பாலும் அணுகுவதில்லை. 30 முதல் 65 வயதுக்குட்பட்ட பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது நம் நாட்டின் வழிகாட்டு நெறி. அமிலம் பட்ட சில நிமிடங்களில் மாறுதலுற்ற திசு வெண்மையாகத் தெரியும், பயிற்சி பெற்ற செவிலியே இதைச் செய்யலாம், வலியில்லை. திருவனந்தபுரத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அமைந்துள்ளது. ஆரியசாலையிலிருந்து செல்வோர் கிழக்குக்கோட்டையில் மருத்துவக் கல்லூரிப் பேருந்தில் ஏறி அங்கே இறங்கலாம்.